மலாவிக் கிராமத்துக்கு அடிபம்பு வைத்துக்கொடுக்க நினைப்பவர்களுக்கு

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மலாவியில் தார்ச்சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்கு நண்பர்கள் சிலர் பணம் போட்டு ஒரு போர்வெல்லும் அடிபம்பும் அமைத்துத்தர நினைக்கிறார்கள். அந்த ஊர் வாழ்க்கை எப்படி இருக்கும், எதையெல்லாம் கவனிக்கவேண்டும், ஆப்பிரிக்காவில் இப்படி வைத்த பம்புகள் இரண்டு மூன்று வருடத்தில் நின்றுவிடுகின்றன என்கிறார்களே, ஏன்?

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நின்றுபோவது உண்மைதான். 2009-ல் சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளின் கணக்கைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிபம்புகளில் 36 சதவீதம் ஓடாமல் கிடந்தன. மூன்றுக்கு ஒன்றுக்கும் மேல். ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை, படிப்பில்லை என்று காரணம் சொல்லிவிடுவது வழக்கம். அதை நம்பாதீர்கள். ஓடாத பம்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியவரும். போரே தப்பாகப் போடப்பட்டிருக்கும். அல்லது தரமில்லாத பைப்பும் ராடும் இறக்கியிருப்பார்கள். அல்லது சில டாலர் விலையுள்ள ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து, அதை வாங்கப் பணமும் கடையும் ஆளும் ஒரே நேரத்தில் அமையாமல் போயிருக்கும். முதல் இரண்டும் பணம் போடுகிறவர் கையில் இருப்பவை. மூன்றாவதைப் புரிந்துகொள்ள ஊரின் வருடக் கணக்கு தெரியவேண்டும்.

மலாவியின் மத்தியப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கசுங்கு, டோவா, ந்ச்சிசி மாவட்டங்கள், செவா மக்கள் வாழும் இடம். 2018 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை ஒன்றே முக்கால் கோடி. அதில் 84 சதவீதம் பேர் கிராமத்தில். எல்லாக் குடும்பமும் மக்காச்சோளம் போடும். அந்த மாவைக் கொதிக்கும் நீரில் துழாவிக் கிளறிய ன்சிமாதான் சாப்பாடு. நம் களிக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம், ஆனால் வெள்ளையாக இருக்கும். தொட்டுக்கொள்ள கீரை, அவரை, கிடைத்தால் மலாவி ஏரியிலிருந்து வந்த கருவாடு. மழை ஒரே பருவம்: நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். விதைப்பு முதல் மழையோடு. அறுவடை ஏப்ரல், மே. புகையிலை போட்டவர்களுக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஏலத்தில் காசு வரும். அதன்பின் கை சுருங்கிக்கொண்டே வரும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பசிக்காலம்: பழைய தானியம் தீர்ந்து, புதுக் கதிர் முற்றாத மாதங்கள். அப்போது மற்றவர் வயலில் களை எடுத்துக் கூலியாக மாவோ காசோ வாங்கிவருவார்கள். இந்தக் கூலி வேலைக்கு அங்கே கன்யு என்று பெயர். கன்யுவுக்குப் போகிறவர் வயல் களை மண்டும், அடுத்த வருட மகசூலும் குறையும். வறுமை அங்கே இப்படித்தான் வட்டமாகச் சுற்றுகிறது.

பம்பு உடைவதும் இந்த நாட்காட்டியை ஒட்டித்தான். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் கடும் வெயில் மாதங்கள். டாம்போ எனப்படும் தாழ்வான ஈரநிலங்களில் தோண்டும் ஊற்றுக்குழிகள் வற்றிவிடும். மழைக்காலத்தில் அங்கங்கே தண்ணீர் எடுத்தவர்கள் எல்லோரும் பம்புக்கு வருவார்கள். நிலத்தடி நீர்மட்டமும் அப்போதுதான் அடியில் இருக்கும். அதிக ஆள், அதிக ஆழம், அதிக அடி. வாஷர் தேய்வது அந்த மூன்று மாதங்களில். வசூல் செய்யப் போனால் வீடுகளில் காசு கிடையாது.

இனி ஒரு பம்பால் எவ்வளவு முடியும் என்று பார்ப்போம். மலாவியில் ஒரு பம்புக்கு 250 பேர், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்பதே அளவுகோல். போர் குறைந்தது விநாடிக்குக் கால் லிட்டர் தரவேண்டும் என்பார்கள். மணிக்கு 900 லிட்டர். 20 லிட்டர் வாளி ஒன்று நிறைய 80 விநாடி. ஆளுக்கு ஒரு வாளி என்றால் 250 வாளி, 5,000 லிட்டர். இடைவிடாமல் அடித்தாலும் ஐந்தரை மணி நேரம். வாளி மாற்றுவது, தலையில் தூக்கிவிடுவது, பேச்சு எல்லாம் சேர்ந்தால் காலை நான்கரையிலிருந்து இருட்டும்வரை பம்பு ஓயாது. அங்கே பல பம்புகளில் உண்மையில் 250 அல்ல, 400, 500 பேர் நிற்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பம்பு நின்றால் அந்த ஊரும் இங்கே வரும். ஆகவே ‘இந்த ஊரில் எத்தனை பேர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சுற்றிலும் எத்தனை பம்பு, அதில் எத்தனை ஓடுகிறது’ என்று கேளுங்கள். பக்கத்தில் நின்றுபோன பம்பு ஒன்றிருந்தால், புதுப் போர் போடும் செலவில் ஒரு சிறு பங்கில் அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். புதுப் பம்புக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், பழுதுபார்த்ததற்கு வைக்க முடியாது என்பதால்தான் இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

போர் போடுவதைப் பற்றி. அந்தப் பகுதி பெரும்பாலும் பழைய கடினப்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு, அதற்குக் கீழே வெடிப்புகள். தண்ணீர் அந்தச் சிதைவிலும் வெடிப்பிலும்தான். நம் கொங்கு நாட்டில் போர் போட்டவர்களுக்கு இந்த நிலம் புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவிலும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நம் ஊர் வழக்கமான ‘தண்ணீர் வரும்வரை இறக்கு, ஆயிரம் அடி ஆனாலும் சரி’ என்பது அங்கே உதவாது. அங்கே வைக்கும் அடிபம்பு 45 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து இழுக்காது. சிதைந்த அடுக்கைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் வேலை.

தப்பு நடக்கும் இடங்கள் எல்லாம் ஒப்பந்தக்காரர் காசு மிச்சம்பிடிக்கும் இடங்கள்தான். ‘தண்ணீர் இல்லையேல் பணம் இல்லை’ என்று ஒப்பந்தம் போட்டால் கெட்டிக்காரத்தனம்போலத் தோன்றும். விளைவு என்னவென்றால், வறண்ட போருக்குக் காசு வராது என்பதால் அரைகுறைப் போரையும் ‘வெற்றி’ என்று எழுதிவிடுவார்கள். மே மாதத்தில், மழை முடிந்த கையோடு போட்டால் எந்தப் போரிலும் தண்ணீர் நிற்கும். அக்டோபரில் அதுவே காற்றைத் துப்பும். அதனால் முடிந்தால் செப்டம்பர் முதல் நவம்பர் நடுவரை போடச்சொல்லுங்கள். மழை பிடித்தபின் ரிக் வண்டி ஊருக்குள் போகவும் முடியாது. வறண்ட போருக்கும் மீட்டர் கணக்கில் பணம் கொடுங்கள், பதிலுக்கு 4 முதல் 6 மணி நேரம் மோட்டார் போட்டு இறைத்துப் பார்த்த பதிவைக் கேளுங்கள்: எத்தனை நிமிடத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறியது. கம்ப்ரசர் காற்றடித்து ‘நல்லா வருது’ என்று சொல்வது சோதனை ஆகாது.

துளை சரியாமல் தாங்க இறக்கும் கேசிங் பைப்புக்கும் துளையின் சுவருக்கும் இடையில், ஓட்டைபோட்ட பைப் இருக்கும் இடத்தைச் சுற்றி, கழுவிய பருமணல் கொட்டவேண்டும். பக்கத்து ஆற்று மணலை அப்படியே அள்ளிப்போட்டால் தூசு உள்ளே வந்து பம்பின் வாஷரை அரைக்கும். தண்ணீர் கலங்கல் நீங்கித் தெளியும்வரை கம்ப்ரசரால் ஊதிக் கழுவவேண்டும். இதற்கு மணிக்கணக்கில் ஆகும், டீசல் செலவு, எனவே அரை மணியில் முடித்துவிடப் பார்ப்பார்கள். மேலே கடைசிச் சில மீட்டருக்குச் சிமெண்டுக் கலவை அடைத்து மூடவேண்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் கேசிங்கை ஒட்டியே கீழே இறங்கும், கழிப்பறைக் குழியின் அழுக்கோடு. 2022-23-ல் மலாவியில் காலரா பரவி 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்நாட்டு வரலாற்றில் அவ்வளவு பெரிய காலரா வந்ததில்லை. போர் இருக்கும் இடம் கழிப்பறைக் குழிகளுக்கு மேட்டுப்பக்கம் இருக்கட்டும், குறைந்தது 30 மீட்டர் தள்ளி. இதைவிட முக்கியம், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்த்தலைவர் வீட்டு வாசலுக்கு அது நகர்ந்துவிடாமல் பார்ப்பது. தலைவரை, அதாவது ம்ஃபுமுவை, பகைத்துக்கொண்டு எதுவும் நடக்காது. முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஆனால் இரண்டு மூன்று இடங்களைப் பெண்களையும் வைத்துக்கொண்டு குறித்துவிட்டு, அதில் எது என்பதை நீரோட்டச் சோதனை முடிவுசெய்யட்டும்.

நீரின் குணத்தையும் பாருங்கள். தெற்கே ஷைர் ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிச் சில இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இன்னொன்று அமிலத்தன்மை. நீரின் பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் கால்வனைஸ்டு இரும்புப் பைப்பின் துத்தநாகப் பூச்சு நிற்காது. சில மாதங்களில் தண்ணீர் சிவந்து, இரும்பு வாடை வந்து, சோறு கறுத்து, துணி கறைபிடித்து, பெண்கள் மறுபடி ஊற்றுக்குழிக்குப் போய்விடுவார்கள். பம்பு ‘ஓடுகிறது’ என்று கணக்கில் இருக்கும், யாரும் குடிக்கமாட்டார்கள்.

இங்கே பம்பின் வகைக்கு வருவோம். ஆப்பிரிக்காவெங்கும் பரவியிருக்கும் இரண்டு பம்புகளில் ஒன்று நம்முடையது: இந்தியா மார்க் 2. 1970களில் யூனிசெஃப் உதவியோடு சென்னையில் வடிவம் பெற்று, கோவைப் பக்கத்துப் போர்களில் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யப்பட்டது. முரட்டுப் பம்பு, உழைக்கும். குறை என்னவென்றால், அடியில் இருக்கும் வாஷரை மாற்ற மேலிருந்து இரும்புப் பைப்பு முழுவதையும் கழற்றித் தூக்கவேண்டும். அதற்குக் கிளாம்பு, கனமான சாவிகள், ஐந்தாறு ஆட்கள், சாமான் ஏற்ற வண்டி. தமிழ்நாட்டில் ஒன்றியத்தில் சொன்னால் வண்டி வரும் என்ற அமைப்புக்கு அது பொருந்தியது. வண்டியே இல்லாத மாவட்டத்தில்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவானது ஆஃப்ரிடெவ். ஊர்க்காரர்களே பிரித்துப் பூட்டவேண்டும் என்பதற்காகவே வரைந்த பம்பு. வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது, யாரும் செய்யலாம். இந்தியாவிலும் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். மலாவி அரசு ஏற்றுக்கொண்ட பம்பும் இதுதான். ஆகவே வேறு எதையும், எவ்வளவு நவீனமாக இருந்தாலும், கொண்டுபோய் வைக்காதீர்கள். ஊரில் எல்லாப் பம்புக்கும் ஒரே வாஷர் என்பதுதான் அங்கே பெரிய பலம்.

இதன் உள்ளமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் சூட்சுமம் இங்கேதான். தண்ணீர் ஏறும் பைப் 63 மில்லிமீட்டர் பி.வி.சி. மூன்று மூன்று மீட்டராகச் சொல்யூஷன் தடவி ஒட்டி இறக்கியது. அதன் அடியில் சிலிண்டர். உள்விட்டம் 50 மில்லிமீட்டர், உள்ளே பித்தளைக் குழல். பைப்பின் உள்விட்டம் சிலிண்டரைவிட அகலம். அதனால் பிஸ்டனையும் அதற்குக் கீழே, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வையும் பைப்புக்குள்ளேயே மேலே இழுத்து எடுத்துவிடலாம். பைப்பைத் தொடவே வேண்டாம். ராடுகள் மூன்று மீட்டர் நீளம், ஒன்றின் கொக்கி மற்றதன் வளையத்தில் மாட்டிக்கொள்ளும், மரை கிடையாது. மேலே கைப்பிடி சுழலும் இடத்தில் பால்பேரிங் இல்லை, தண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ். மொத்தப் பம்பையும் பிரிக்கப் பம்போடு வரும் ஒரே ஸ்பேனர் போதும்.

வாஷர் மாற்றும் வேலை இப்படி. மூடியின் நட்டைத் தளர்த்தி மூடியை எடுக்கவேண்டும். கைப்பிடி தாங்கும் தண்டையும் ராடு தொங்கும் தண்டையும் விடுவித்துக் கைப்பிடியை வெளியே எடுக்கவேண்டும். பிறகு ஒருவர் ராடைத் தூக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பும் மேலே வரும்போது அடுத்த ராடைத் தாங்கியில் நிறுத்தி, கொக்கியைச் சாய்த்துக் கழற்றுவார். எடுத்த ராடுகளை மண்ணில் போடக்கூடாது, பாய்மேல் அடுக்கவேண்டும். ஒட்டிய மணல் அப்படியே சிலிண்டருக்குள் போகும். 30 மீட்டரில் பத்து ராடு. கடைசியில் பிஸ்டன் வரும். அதன் இடத்தில் ‘மீன்பிடிக் கருவி’ என்று எல்லோரும் சொல்லும் கொக்கியை மாட்டி மறுபடி இறக்கி, ஃபுட் வால்வின் தலையில் கோத்து, ஒரு வெடுக் இழுப்பு இழுத்தால், அதைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பிடி விட்டு வால்வு கிளம்பும். பழகிய நால்வருக்கு எல்லாம் சேர்த்து அரைநாள் வேலைகூட இல்லை. பிஸ்டனில் ஒரு யு-வாஷர், ஃபுட் வால்வில் ஒரு ஓ-ரிங், இரண்டிலும் தண்ணீரை அடைக்கும் ரப்பர் மூடிகள், மேலே புஷ் செட்டுகள். யு-வாஷரையும் புஷ்களையும் வருடம் ஒருமுறை, தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் மாற்றிவிடவேண்டும். ராடுகள் பைப்பில் உரசாமல் காக்கும் ரப்பர் வளையங்களை எடுத்தபோதே பார்த்து, கிழிந்ததை மாற்றவேண்டும்.

‘தேயாவிட்டாலும்’ என்பதில்தான் ஊர்களில் சண்டை வரும். ஓடுகிற பம்புக்கு எதற்குச் செலவு என்பார்கள், நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகப் புஷ்ஷைக் காட்டவேண்டும். புஷ் தேய்ந்தால் பம்பு நிற்காது, கைப்பிடி மட்டும் பக்கவாட்டில் ஆடும். அப்படியே ஓட்டினால் தண்டு அது உட்காரும் இரும்புக் குழியை அரைத்து முட்டை வடிவமாக்கும். அதன்பின் புதுப் புஷ் போட்டாலும் உட்காராது. வெல்டிங் வேண்டும், ஊரில் மின்சாரமே இல்லை. பம்புத் தலையைச் சைக்கிளில் கட்டிச் சந்தை ஊருக்குக் கொண்டுபோகவேண்டும்.

பம்பைப் பிரிக்காமலே நோயைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். பிஸ்டனின் ஓட்டம் 225 மில்லிமீட்டர்; 50 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டால், கைப்பிடியை ஒருமுறை முழுதாக அடித்தால் 440 மில்லிலிட்டர். இப்படி 40 முறை அடித்தால் ஏறத்தாழ பதினேழரை லிட்டர் விழவேண்டும், அதாவது 20 லிட்டர் வாளியில் முக்கால் வாசிக்கும் மேல். பாதி வாளிதான் வருகிறது என்றால் யு-வாஷர் போய்விட்டது. இரண்டாவது, தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருந்து, மறுபடி அடிக்கவேண்டும். ஐந்து அடிக்குள் தண்ணீர் வரவேண்டும். பத்து, இருபது அடித்தபின் வருகிறது என்றால் ஃபுட் வால்வின் ஓ-ரிங்கோ ரப்பர் மூடியோ கசிகிறது; அதை மாற்றியும் அப்படியே இருந்தால் பைப் ஒட்டில் விரிசல். கைப்பிடி திடீரென்று இறகுபோல லேசாகி, தண்ணீரே இல்லை என்றால் ராடு கழன்றோ ஒடிந்தோ விட்டது. ‘காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது, பத்து மணிக்கு மேல் காற்றுத்தான்’ என்பது பம்பின் நோயே அல்ல. போரின் ஊறல் போதவில்லை, அல்லது சிலிண்டரை மேலேயே தொங்கவிட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று பைப் மிச்சப்படுத்த ஒப்பந்தக்காரர் செய்யும் வழக்கமான வேலை இது. அதனால் போரின் ஆழம், நீர்மட்டம், சிலிண்டர் இறங்கிய ஆழம், கேசிங்கில் ஓட்டைப் பைப் எங்கே என்ற நான்கையும் எழுதி வாங்கி, ஒரு நகலை ஊர்க் குழுவிடமும் இன்னொன்றை மாவட்ட நீர் அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள். பத்து வருடம் கழித்துப் பழுதுபார்க்க வருகிறவருக்கு இந்த ஒரு தாள் தங்கம்.

பைப் ஒட்டு பற்றி ஒரு எச்சரிக்கை. சொல்யூஷன் தடவும் முன் இரு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துணியால் துடைத்து, தடவியவுடன் ஒரே தள்ளில் கடைசிவரை செலுத்தி அசையாமல் பிடிக்கவேண்டும். ஒட்டு இறுகச் சில நிமிடங்கள் விட்டுத்தான் அடுத்ததை இறக்கவேண்டும். அவசரப்பட்டால் இரண்டாம் வருடம் ஏதோ ஓர் ஒட்டு விட்டு, பைப் வரிசை முழுவதும் போருக்குள் விழும். அது ஊர்க்காரர்களால் ஆகிற வேலை அல்ல. பயிற்சி பெற்ற பகுதி மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டும். மலாவியில் இவர்கள் அரசுச் சம்பளக்காரர்கள் அல்லர். பத்திருபது ஊர்களுக்கு ஒருவராகச் சைக்கிளில் சுற்றி, வேலைக்கு இவ்வளவு என்று ஊரிடமே வாங்கிக்கொள்பவர்கள். வேலை குறைவு, வரும்படி அதைவிடக் குறைவு, அதனால் பலர் வேறு பிழைப்புக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் ஊருக்கு யார், இன்னும் இருக்கிறாரா என்று போர் போடும் முன்பே விசாரியுங்கள். அவரையே பம்பு பூட்டும்போது கூட வைத்து வேலை செய்யவைத்துக் கூலி கொடுப்பது நல்லது.

சந்தையில் கிடைக்கும் ராடுகளில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாதவை உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்பது சில நேரம் துருப்பிடிக்கும் மலிவு ரகம். கொக்கி வளைவில் ஒடியும். பைப்பிலும் சுவர் மெல்லியதாக இருக்கும். பார்வைக்குத் தெரியாது, எடை போட்டால் தெரியும். ஏற்றுமதிக்கு முன் மூன்றாம் தரப்புச் சோதனைச் சான்று கேட்பது கூடுதல் செலவுதான், இருந்தாலும் கேளுங்கள்.

இப்போது பணம். ஒவ்வொரு பம்புக்கும் பத்துப் பேர் கொண்ட குழு இருக்கவேண்டும் என்பது அங்கே முறை; தலைவர், செயலர், பொருளாளர், பம்பைப் பராமரிப்பவர் என்று. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று தீர்மானம் போட்டு ஒரு பெட்டியில் சேர்ப்பது பாடப்புத்தக வழி. இரண்டு காரணத்தால் அது உடைகிறது. பசிக்காலத்தில் யாரும் தரமாட்டார்கள். தராதவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. இரண்டாவது, பெட்டியில் கிடக்கும் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பு கரைந்துகொண்டே இருக்கும். 2012 மே மாதம் மலாவி தன் நாணய மதிப்பைக் குறைத்ததில் டாலரின் குவாச்சா விலை ஏறத்தாழ 50 சதவீதம் ஏறியது. 2022-ல் மறுபடி 25 சதவீதம், 2023 நவம்பரில் 44 சதவீதம். வாஷரும் ராடும் இறக்குமதி. இரண்டு வருடம் நேர்மையாகச் சேர்த்த பொருளாளர் கடைக்குப் போனால் பாதிச் சாமான்தான் கிடைக்கும். ஊரில் அவரைத் திருடி என்பார்கள்.

ஆகவே என் யோசனை: மாத வசூல் வேண்டாம். அறுவடைக்குப் பின், மே முதல் ஜூலைக்குள், வருடத்துக்கு ஒரே தடவை, காசாகவோ ஒரு வாளி மக்காச்சோளமாகவோ வாங்கட்டும். சோளத்தைக் கையோடு விற்றுவிடாமல் விலை ஏறும் டிசம்பரில் விற்றால் லாபம் குழுவுக்கு. வண்டு விழாமல் மருந்திட்டு வைக்கவேண்டும், அவ்வளவுதான். கிடைத்ததில் முதல் செலவாக அடுத்த வருடத்துக்கான வாஷர், ஓ-ரிங், புஷ் செட்டை வாங்கிப் பொருளாளர் வீட்டுப் பெட்டியில், எலி கடிக்காத டப்பாவில், வைத்துவிடவேண்டும். காசு கரையும், ரப்பர் வாஷர் நிழலில் இருந்தால் கரையாது. மீதியை ஊர்ப் பெண்கள் நடத்தும் திண்ணைச் சேமிப்புக் குழுவில், பாங்கி ம்கொண்டே என்பார்கள், கடனாகச் சுற்றவிடலாம். வட்டியோடு வரும். ஆனால் அந்தக் குழுக்கள் கிறிஸ்துமஸ் சமயம் கணக்கு முடித்துப் பணத்தைப் பிரித்துக்கொள்வது உண்டு, பம்புப் பணம் அந்தப் பங்கீட்டில் கலந்துவிடக்கூடாது. தனிப் புத்தகம் வேண்டும்.

யாருக்குப் பயிற்சி கொடுப்பது? செவா மக்களிடம் தாய்வழி முறை. மணமானபின் கணவன் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்வதே பழைய வழக்கம். நிலமும் பெண் வழியில் இறங்கும். மணமுறிவு வந்தால் ஊரைவிட்டுப் போகிறவன் ஆண். அதனால் பம்பு பிரிக்க இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தால், மூன்று வருடத்தில் பாதிப்பேர் தலைநகர் லிலோங்வேக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ பிழைக்கப் போயிருப்பார்கள். பெண்கள் ஊரிலேயே இருப்பார்கள், வரிசையில் நிற்பவர்களும் அவர்கள், பம்பின் சத்தம் மாறினால் முதலில் தெரிவதும் அவர்களுக்கு. ஆஃப்ரிடெவ் ராடு இழுக்கப் பெரிய உடல்பலம் தேவையில்லை, சித்தெஞ்சே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான்கு பெண்கள் செய்துவிடுவார்கள். குறைந்தது ஆறு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். சும்மா பார்க்கவைத்து அல்ல, ஆளுக்கு ஒரு தடவை முழுவதும் பிரித்துப் பூட்டவைத்து. வடக்கே தும்புகா ஊர்களில் நிலைமை தலைகீழ்: பெண் மணமாகி வெளியூர் போவாள். அங்கே மருமகளாக வந்து நிலைத்தவர்களைப் பிடிக்கவேண்டும்.

பம்பைச் சுற்றிய சிமெண்டுத் தளம், வழிந்தோடும் வாய்க்கால் பற்றிச் சுருக்கமாக: வாய்க்கால் குறைந்தது ஆறு மீட்டர் ஓடவேண்டும், முடிவில் குட்டை தேங்கக்கூடாது. அங்கே வாழையோ கீரையோ போட்டால் தண்ணீர் வீணாகாது. ஆடுமாடு நுழையாமல் வேலி. தளத்தின் அடிமண்ணைக் கெட்டிக்காமல் போட்டால் முதல் மழைக்கே வெடிக்கும். வெடிப்பு வழியாக அழுக்கு உள்ளே போகும். மழைக்காலத்தில் தெற்கு மாவட்டங்களில் புயல்வெள்ளமும் உண்டு; 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தபோது முங்கிய பம்புகளைக் குளோரின் போட்டுக் கழுவாமல் மறுபடி பயன்படுத்தக்கூடாத நிலை. தாழ்ந்த இடம் என்றால் தளத்தை உயர்த்திக் கட்டுங்கள். நல்ல தண்ணீரும் வீட்டுக்குப் போய் மூடாத வாளியில், பலர் கைவிட்டு மொள்ளும்போது கெட்டுவிடும். அதைப் பேச அந்த ஊருக்கு வரும் அரசுச் சுகாதாரப் பணியாளரைக் கூட்டத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள், தனியாக ஆள் கொண்டுவரத் தேவையில்லை.

‘அடிபம்பு பழைய காலம், சோலார் மோட்டார் போட்டுத் தொட்டி கட்டிக் குழாய் விடலாமே’ என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆயிரம் பேருக்கு மேல் நெருக்கமாக வாழும், சந்தையோ பள்ளியோ உள்ள ஊரென்றால் சரி. போர் விநாடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தந்தால் சரி. சிறு ஊருக்கு வேண்டாம். மோட்டாரோ அதன் கன்ட்ரோலரோ போனால் மாற்ற ஒரு வருடச் சேமிப்பு போதாது, பழுதுபார்ப்பவர் தலைநகரில் இருப்பார், பேனல் திருட்டுக்குக் காவல் வேண்டும். அப்படியும் போடுவதென்றால் பக்கத்திலேயே ஓர் அடிபம்பையும் விட்டுவையுங்கள்.

கடைசியாகச் செலவைப் பிரிப்பது பற்றி. பணம் முழுவதையும் பம்பு பூட்டிய அன்றே ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது அடுத்த அக்டோபர் கடக்கும்வரை நிறுத்திவையுங்கள். அந்த மாதம் ஊர்க்குழுவும் மாவட்ட நீர் அலுவலரும் சேர்ந்து 40 அடிச் சோதனையும் அரைமணிச் சோதனையும் செய்து எழுதிக்கொடுத்தபின் விடுவியுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். மூன்று வருடத்துக்கான வாஷர், ஓ-ரிங், புஷ் செட்டுகளும் ஒரு ஸ்பேனரும் மீன்பிடிக் கருவியும் பம்போடு சேர்த்தே வாங்கி ஊரிடம் கொடுங்கள். அதோடு பக்கத்துச் சந்தை ஊரில் உதிரிபாகம் விற்கும் கடை எது, அங்கே போய்வரச் சைக்கிள் டாக்ஸிக்கு எவ்வளவு ஆகும் என்று குழுவின் பொருளாளரையே ஒருமுறை போய் ஒரு வாஷர் வாங்கிவரச் சொல்லிப் பாருங்கள். வெறுங்கையோடு திரும்பினால், போர் போடும் முன் தீர்க்கவேண்டிய வேலை அந்தக் கடையில் இருக்கிறது.